பனிக்காலக் காலையில் பழைய டீசல் வண்டி ஏன் எடுக்க மறுக்கிறது?

ஜனவரி மாதம் ஊட்டியில் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் நின்றால், எந்த வீட்டு வண்டிக்கு என்ன வயது என்று காதாலேயே சொல்லிவிடலாம். புது வண்டி ஒரு சாவித் திருப்பில் எடுத்துக்கொள்ளும். பழைய டீசல் வண்டி முனகும், நிறுத்தும், மறுபடி முனகும், வெள்ளையாகக் கொஞ்சம் புகையைக் கக்கும், அப்புறம் செல்ஃப் மோட்டாரின் குரல் இறங்கிக்கொண்டே போய் ஒரு 'டிக்' சத்தத்தோடு அடங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் யாராவது கட்டாயம் சொல்வார்: "டீசல் உறைஞ்சு போச்சுண்ணே, வெயில் வந்தா சரியாயிடும்."

வெயில் வந்தால் சரியாகிவிடுவது உண்மைதான். அதனால்தான் இந்த விளக்கம் இத்தனை வருஷமாக நிலைத்து நிற்கிறது. ஆனால் பெரும்பாலான நாட்களில் டீசல் உறைந்திருப்பதில்லை. நம் மலைகளின் குளிர் ஒரு டீசல் இன்ஜினை நிறுத்திவைக்கும் அளவுக்குக் கடுமையானதும் இல்லை. இங்கே ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் பலவற்றுக்கு இதயமாக இருந்த 2,112 சிசி இன்ஜின் பிரான்ஸின் பெஜோ வடிவமைத்தது. மாருதியின் ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் இருந்த 1,527 சிசி இன்ஜினும் அதே கம்பெனியுடையதே. ஐரோப்பியக் குளிர்காலத்தில் தினமும் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த இன்ஜின் பூஜ்யம் டிகிரியில் எடுக்கவில்லை என்றால், குற்றம் பனியின் மேல் மட்டும் இல்லை. வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சின்னக் குறைகள் கோடையில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. பனி வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கணக்குக் கேட்கின்றன.

முதலில் குளிரின் அளவைப் பார்த்துவிடலாம். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் அதைவிடச் சற்றுக் கீழே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவுகளில்தான் உறைபனி விழும். தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு இரண்டு குளிர். ரேஸ் கோர்ஸ் மைதானமும் காந்தலும் தலைக்குந்தாவும் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் பனியே இருக்காது. கொடைக்கானலிலும் ஏரியை ஒட்டிய பள்ளம் மேட்டுத் தெருக்களைவிடக் குளிரும். பள்ளங்களில் பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழே போவது உண்டு. வண்டி வைத்திருப்பவருக்கு இதில் உடனடிப் பயன் ஒன்று இருக்கிறது. திறந்த வெளியில் நிறுத்திய வண்டியும், இருபதடி தள்ளி மரத்தடியிலோ தகரக் கூரைக்குக் கீழோ நிறுத்திய வண்டியும் காலையில் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தானே என்று தோன்றலாம். அது இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

டீசல் இன்ஜினில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் தெளிக்கும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவது இதே காரணத்தால்தான். நாம் பேசும் பழைய டீசல் கார்கள் காற்றை 22, 23 பங்கில் ஒரு பங்காக அழுத்துகின்றன.

இதை ஒரு தோராயக் கணக்காகப் பார்க்கலாம். அழுத்தும்போது கொஞ்சம் வெப்பம் சிலிண்டர் சுவருக்குப் போகும், கொஞ்சம் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் இந்த இழப்பைக் கழித்த பிறகு, வெளியே 30 டிகிரி இருந்தால் உள்ளே அழுத்தத்தின் உச்சத்தில் காற்று ஏறக்குறைய 490 டிகிரிக்குப் போகிறது. வெளியே 0 டிகிரி என்றால் 415 டிகிரி அளவில் நின்றுவிடும். அதாவது வெளியே 30 டிகிரி குறைந்தால் உள்ளே 75 டிகிரி குறைகிறது. அழுத்தம் லாபத்தைப் பெருக்குவதுபோல நஷ்டத்தையும் இரண்டரை மடங்கு பெருக்குகிறது. மரத்தடியில் நிறுத்திக் கிடைத்த மூன்று டிகிரி, உள்ளே ஏழெட்டு டிகிரியாக மாறுவதும் இப்படித்தான்.

இப்போது அதே 0 டிகிரிக் காலையில், ரிங் தேய்ந்த, பேட்டரி சோர்ந்த ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் சுவருக்கு வெப்பம் போக நேரம் அதிகம், காற்று கசியவும் நேரம் அதிகம். இழப்பைக் கூட்டிக் கணக்குப் போட்டால் உச்ச வெப்பநிலை 235 டிகிரிப் பக்கம் வந்துவிடுகிறது. டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை சுமார் 210 முதல் 250 டிகிரி. ஆனால் அது சாவகாசமாக நேரம் கொடுத்து ஆய்வகத்தில் அளந்தது. இன்ஜினில் எண்ணெய்த் துளி ஆவியாகிப் பற்றக் கிடைப்பது ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். 235 டிகிரி எந்த வகையிலும் போதாது. பனி பறித்தது 75 டிகிரி. தேய்மானமும் மெதுவான சுற்றும் சேர்ந்து பறித்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பனியைத் திட்டுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சமவெளி மெக்கானிக்குகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. அழுத்துவதால் ஏறும் வெப்பநிலை இதனால் நேரடியாக மாறாது. ஆனால் சூடாகும் காற்றின் அளவே குறைவாக இருப்பதால், அதே சிலிண்டர் சுவர் அதைச் சீக்கிரம் குளிரவைத்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் தெளித்த எண்ணெய் பற்றுவதற்கான தாமதமும் நீளும். இதில் ஒரு தவறான தீர்ப்புக்கும் வழி இருக்கிறது. கோயம்புத்தூரில் 28 பார் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) காட்டிய இன்ஜின், எந்தக் கோளாறும் இல்லாமலே ஊட்டியில் 21, 22 பார்தான் காட்டும். கீழ்நாட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு "ரிங் போச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று கேளுங்கள். மூன்று 22 காட்டி ஒன்று மட்டும் 15 காட்டினால் அது வியாதி. நான்கும் 22 காட்டினால் அது உயரம்.

சரி, 0 டிகிரியில் நல்ல இன்ஜினுக்கே 415 டிகிரிதான், கிடைக்கும் குறுகிய நேரத்துக்கு அதுவும் தாராளம் இல்லை என்றால் மிச்சச் சூட்டை யார் கொடுப்பது? ஹீட்டர் பிளக். அம்பாசடர் டீசல், பெஜோ இன்ஜின் ஜீப், குவாலிஸ், 1998இல் வந்த இண்டிகா டீசல் எல்லாமே எண்ணெயை நேராகச் சிலிண்டரில் தெளிப்பதில்லை. சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் குடைந்த ஒரு சின்ன அறையில் தெளிக்கின்றன. சத்தம் குறைவாகவும் ஓட்டம் மிருதுவாகவும் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்த அறையின் சுவர்ப் பரப்பு அதிகம், குளிர்ந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இந்த வகை இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் ஒரு வசதி இல்லை, தேவை. நேரடியாகத் தெளிக்கும் பழைய லாரி இன்ஜின்கள் பல ஹீட்டர் பிளக்கே இல்லாமல் இதே ஊட்டியில் எடுத்துக்கொள்வதைப் பார்த்து, "அதுக்கு வேண்டாம்னா இதுக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு ஜாதி இன்ஜின்.

ஹீட்டர் பிளக் என்பது சுண்டுவிரல் நீள உலோகக் குச்சி. நுனி மட்டும் அந்தச் சின்ன அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுக்கும். சமவெளியில் நான்கில் இரண்டு செத்திருந்தாலும் வண்டி எடுத்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஓடிய பழைய வண்டியை வாங்கி மேலே கொண்டுவருகிறவர்கள் முதல் பனிக்காலத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது, டேஷ்போர்டில் சுருள் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கு. அது அணைந்தால் பிளக்குகள் சூடாகிவிட்டன என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கு டைமர் சொல்வதைக் கேட்டு எரிந்து அணைகிறது, அவ்வளவுதான். நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். பிளக்கின் நிலையைத் தெரிந்துகொள்ள பிளக்கைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை சுலபம். நான்கு பிளக்கின் தலையையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றுங்கள். ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பின் ஒரு வயரை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, இன்னொன்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். எரிந்தால் சுருள் அறுந்து போகவில்லை. எரியாவிட்டால் பிளக் செத்துவிட்டது. இது உயிர் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். பலம் தெரிய வேண்டுமானால் பிளக்கைக் கழற்றி, உடம்பை பேட்டரி நெகட்டிவோடும் தலையை பாசிட்டிவோடும் இணைத்து, குறட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல பிளக் நுனியிலிருந்து சிவக்கத் தொடங்கும். நடுவில் சிவந்து நுனி கறுப்பாகவே இருந்தால், பல்பு எரிந்திருந்தாலும் அது குப்பைக்குத்தான். பிந்தைய காமன் ரெயில் வண்டிகளில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எண்ணெய் தெளிக்கும் வகை) குறைந்த வோல்ட் பிளக்குகள் வருவதால் இந்த 12 வோல்ட் சோதனையை அவற்றில் செய்யக் கூடாது, நொடியில் எரிந்துபோகும். கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வருஷக்கணக்கில் கரி பிடித்து ஒட்டிய பிளக்கைக் குளிரில் முறுக்கினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், அப்புறம் ஹெட்டை இறக்கும் செலவு.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "ரொம்ப நேரம் ஹீட்டர் போட்டா பேட்டரி இறங்கிடும்" என்பார்கள். நான்கு பிளக்கும் சேர்ந்து 50 ஆம்பியர் இழுப்பதாக வைத்தாலும் 20 நொடிக்கு ஆகும் செலவு 0.3 ஆம்பியர் மணிகூட இல்லை. செல்ஃப் மோட்டார் குளிரில் 250 ஆம்பியர் இழுக்கும், பத்து நொடி சுற்றினால் 0.7 ஆம்பியர் மணி. எடுக்காமல் போகும் ஒரு முயற்சியைவிட, இரண்டு முறை ஹீட்டர் போடுவது மலிவு. உறைபனிக் காலையில் விளக்கு அணைந்த பிறகு சாவியை ஆஃப் செய்து மறுபடி ஒரு சுற்று ஹீட்டர் போட்டு, அதற்கப்புறம் செல்ஃப் அடிப்பது மலைக்காரர்களின் பழைய பழக்கம். அதில் பிசகே இல்லை.

அப்போதும் எடுக்கவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். பழைய டீசலில் நோய் சொல்லும் கருவி அதுதான், காசும் கேட்காது. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை, டீசல் நாற்றத்தோடு கண்ணைக் கரிக்கும்படி வந்தால், எண்ணெய் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர், பேட்டரி, கம்ப்ரஷன் என்று தேடுங்கள். புகையே வரவில்லை என்றால் எண்ணெய் போகவே இல்லை. அப்போது ஹீட்டரைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண். எண்ணெயை அனுப்பும் பம்பின் மேல் உள்ள சோலினாய்டுக்கு (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) கரன்ட் வருகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, எண்ணெய் லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எடுத்து, மூன்று காலில் நிற்பதுபோல உதறி, ஒரு நிமிஷம் வெள்ளையாகப் புகைந்து பிறகு சீராகிவிட்டால், பெரும்பாலும் ஒரு பிளக் செத்திருக்கிறது. அந்தச் சிலிண்டர் மற்ற மூன்றின் புண்ணியத்தில் சூடாகி, தாமதமாக வேலைக்கு வருகிறது. ஐந்து நிமிஷம் ஓடியும் புகை நீலமாகவே வந்தால் அது ஆயில் எரிவது, வேறு கதை.

பேட்டரி விஷயத்தில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. 27 டிகிரியில் நூறு பங்கு பலம் காட்டும் லெட் ஆசிட் பேட்டரி 0 டிகிரியில் 65 பங்கு அளவுதான் தருகிறது. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் தடித்துப்போய், சுற்றுவதற்கு இன்னும் அதிக பலம் கேட்கிறது. வயதான வண்டி புகைக்கிறது என்று 20W-50 ஊற்றிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் எண்ணும் 'டபிள்யூ'வும் குளிரில் அந்த ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கின்றன. எண் சிறியதாக இருந்தால் குளிரில் இளகி ஓடும். மலையில் 15W-40 போட்டுப் பார்த்தால் காலையில் செல்ஃப் சுற்றும் வேகத்திலேயே வித்தியாசம் கேட்கும்.

பேட்டரியே நன்றாக இருந்து கேபிள் கெட்டிருப்பதும் இங்கே சகஜம். வருஷத்தில் பாதி மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்துக் கிடக்கும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை பாதி இழை அறுந்து தொங்கும், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் பலம் இல்லை. அங்கே 10.5 காட்டியும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் கேபிளையும் எர்த்தையும் சந்தேகப்படுங்கள். புது பேட்டரி வாங்கிப் போட்டும் குணமாகாத பல வண்டிகளுக்கு மருந்து வெந்நீரும் கம்பி பிரஷும்தான்.

இனி அந்த 'உறைந்த டீசல்'. அது முழுக் கற்பனை இல்லை. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது, குளிர்ந்தால் அது துகள்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். இந்தியாவில் டீசலுக்கான தர நிர்ணயம் ஐஎஸ் 1460. குளிரில் ஃபில்டர் வழியாக டீசல் போகாமல் நிற்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு அது இரண்டு வரம்பு வைக்கிறது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகபட்சம் 6 டிகிரி, மற்ற மாதங்களில் 18 டிகிரி. இவை உச்ச வரம்புகள். பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிட நன்றாகவே இருக்கும். தவிர, டேங்கில் உள்ள நாற்பது லிட்டர் எண்ணெய் ஓர் இரவில் வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர்ந்துவிடாது. உறைபனி நிலவுவது விடிவதற்கு முன் சில மணி நேரம்தான். தினமும் ஓடி, அவ்வப்போது எண்ணெய் நிரப்பும் வண்டிக்கு இங்கே மெழுகு பெரிய எதிரி இல்லை. லடாக் கதை வேறு. மைனஸ் 30 வரை போகும் அந்த ஊருக்கென்று இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலையே கொண்டுவந்தது.

மாட்டிக்கொள்வது ஓடாமல் நிற்கும் வண்டிதான். வெளியூரில் இருப்பவரின் பங்களா ஷெட்டில், செப்டம்பரில் நிரப்பிய எண்ணெயோடு ஜனவரி வரை நிற்கிறதே, அது. அதன் டேங்கில் இருப்பது 18 டிகிரி வரம்புக்கு உட்பட்ட கோடை டீசல். பல நாள் தொடர்ந்து குளிர்ந்து கிடந்ததால் எண்ணெயும் காற்றின் அளவுக்கு இறங்கியிருக்கும். அடையாளமும் தெளிவு: வண்டி எடுக்கும், ஃபில்டரில் மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு நிமிஷம் ஓடும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும். எடுக்கவே எடுக்காத வண்டிக்கு மெழுகைக் காரணம் சொல்வதைவிட, எடுத்து நின்றுபோகும் வண்டிக்குச் சொல்வது பொருத்தம். வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நவம்பர் பாதியில் யாரையாவது விட்டுக் கொஞ்சம் புது டீசல் ஊற்றி ஓட்டச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

மெழுகைவிட அதிகம் காண்பது தண்ணீர். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரக்காற்று வேர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. அது ஃபில்டரின் அடியில் வந்து தங்கும். உறைபனி இரவில் அந்தச் சொட்டு பனிக்கட்டியானால் வழி அடைபடும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், மேலே டீசலும் கீழே தண்ணீரும் தனித்தனியாகத் தெரியும். அக்டோபர் மழை ஓய்ந்ததும் இதைச் செய்வது நல்லது. டேங்கை முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருந்தால் வேர்ப்பதும் குறையும்.

புகையே வராத வண்டியில் பல சமயம் குற்றவாளி ஏர். குளிரில் பழைய ரப்பர் ஹோஸ் இறுகும், பம்பின் ஓ-ரிங் சுருங்கும், ஊசிமுனை அளவுக்குச் சந்து விழும். எண்ணெய் வெளியே கசியாது, ஆனால் காற்று உள்ளே போகும், லைனில் இருந்த எண்ணெய் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிடும். மலையில் இது வண்டியை எப்படி நிறுத்தினோம் என்பதையும் பொறுத்தது. மூக்கு மேடு பார்க்க நிறுத்தினால் டேங்க் கீழே போகிறது, எண்ணெய் திரும்பி ஓட வழி சுலபம். கையால் எண்ணெயை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்கி அது கெட்டியாகும்வரை பம்ப் பண்ணிய பிறகு வண்டி உடனே எடுத்தால், நோய் இதுதான். பம்புக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்கு நிறமற்ற குழாயை மாட்டி வைத்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பம்ப்-நாசில் கடைக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

மூக்கு பள்ளம் பார்க்க நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் செல்ஃப் கைவிட்டால் சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம். பூம்பாறைப் பக்கம் பூண்டு ஏற்றும் ஜீப்புகளிலும் கேத்திப் பக்கம் கேரட் ஏற்றும் பிக்கப்புகளிலும் இது தினசரி வழக்கம். இதில் கவனிக்க வேண்டியதைச் சொல்லாமல் போக முடியாது. பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் (வெற்றிட இழுப்பு) டீசல் இன்ஜினில் காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாகக் கிடைக்காது, அதைத் தனி வேக்குவம் பம்ப் கொடுக்கிறது, அதுவும் இன்ஜின் ஓடினால்தான். உருளும் வண்டியில் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கைவிடும். எனவே கீழே சமதளமோ எதிர்மேடோ இருக்கும் சரிவில் மட்டும்தான், ஹேர்பின் வளைவுக்கு மேலே கூடவே கூடாது. சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். ஆஃபில் இருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், சோலினாய்டும் எண்ணெயை விடாது. உருட்டுவதற்கு முன் ஹீட்டர் போடுங்கள், இரண்டாவது கியரில் கிளட்சை விடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள சின்ன டீசல் கார்களில் இந்த வித்தையை வழக்கமாக்க வேண்டாம். பழைய பெல்ட் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

மற்ற கைவைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் சம்ப்புக்கு அடியில் கரி அடுப்பு வைப்பது பலன் தரும், வண்டியையும் சேர்த்து எரித்துவிடவும் கூடும். பம்பின் மேல் கொதிநீர் ஊற்றினால் உள்ளே மயிரிழை இடைவெளியில் ஓடும் பாகங்கள் ஒரு பக்கம் மட்டும் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஃபில்டரின் மேலும் ஹோஸின் மேலும் போடுவது பாதுகாப்பானது, பல சமயம் போதுமானதும்கூட. சட்டெனப் பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை ஏர் ஃபில்டரில் அடிப்பது, ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் வெடி வைப்பதற்குச் சமம்: பழுத்த நுனியில் பட்டு நேரம் தவறிப் பற்றினால் ரிங்கும் பிஸ்டனும் உடையும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது மெழுகைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் ரோட்டரி பம்புக்கு டீசல்தான் உயவு எண்ணெய், மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் இல்லை. ஒரு காலைப் பிரச்சினைக்கு ஒரு பம்பை விலையாகக் கொடுப்பது என்ன கணக்கோ.

எடுத்த பிறகு நடப்பதும் அடுத்த நாள் காலையைத் தீர்மானிக்கிறது. ஐடிலில் கால் மணி நேரம் உறும விட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. சுமை இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடேறவே ஏறாது. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், நாசில் முனையில் கரி கட்டும். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்து, உதறல் நின்றதும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் மெதுவாகக் கிளம்பிவிடுவதே சரி. மேடு ஏறும் வண்டி சீக்கிரம் சூடாகும். விடியற்காலையில் காய் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாகக் கீழே இறங்கும் வண்டி, கியரைப் பிடித்து இறங்கும்போது எண்ணெயே எரிப்பதில்லை என்பதால், பர்லியாறு தாண்டியும் அரைச் சூட்டில்தான் இருக்கும். இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டர் தண்ணீரை நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வண்டி என்றால் சொல்லவே வேண்டாம், ஆனாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நன்றாக ஏற்றிவிடும். சேரிங் கிராஸுக்கும் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான் அந்த வாய்ப்பும் இல்லை. ஹெட்லைட், வைப்பர், காலையில் ஹீட்டர், நாலைந்து செல்ஃப் என்று எடுத்ததை இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் திருப்பித் தராது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வாரம் ஓர் இரவு அந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜரில் போட்டால், ஹீட்டர் பிளக்கில் கைவைக்காமலேயே பாதி வண்டிகள் எடுத்துக்கொள்ளும்.